சுற்றுவழியும் குளிர்ப்பெட்டியும்

நாசிக் திராட்சையில் முதலில் வாடுவது காம்பு. பழம் திரண்டு பளபளப்பாக இருக்கும்போதே பச்சைக் காம்பு பழுப்பேறத் தொடங்கிவிடும். ரோட்டர்டாமில் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் வியாபாரியின் கண் அதனால்தான் முதலில் காம்பைத் தேடுகிறது. பறித்த அன்றே முன்குளிர்விப்பு, குலைகளின் மேல் கந்தக டை ஆக்சைடை மெல்ல வெளிவிடும் தாள், பூஜ்யம் டிகிரியை ஒட்டி நிற்கும் வெப்பநிலை என்று இத்தனை பாடும் அந்தக் காம்பைச் சில வாரங்கள் பச்சையாக வைத்திருக்கத்தான். 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானபோது அந்த வாரங்களில் ஏறக்குறைய இரண்டு பறிபோயின.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி படையினர் ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைக் கைப்பற்றினார்கள். டிசம்பரில் மெர்ஸ்க் உள்ளிட்ட பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்கான பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. கப்பல் கட்டணம், காப்பீடு, எரிபொருள் ஆகியவை பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அவை ஏறும், பின்பு இறங்கும். இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் வேறு. மோதலால் பயணத்தில் கூடும் ஒவ்வொரு நாளும் குளிர்ப்பெட்டிகளின் தேவையைப் பெருக்குகிறது. அந்தப் பெட்டிகளோ ஏறத்தாழ ஒரே நாட்டில் செய்யப்படுகின்றன. கப்பலுக்கு மாற்றுவழி கிடைத்தது. பெட்டி செய்யும் ஆலைக்கு அப்படியொரு மாற்று இன்று இல்லை.

ஒரு எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பெட்டி சரக்கோடு போய், இறக்கி, திரும்பி வர 60 நாள் ஆவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஆறு சுற்று. அதே சுற்று 80 நாளானால் நாலரைதான். முன்பு 600 பெட்டிகள் செய்த வேலைக்கு இப்போது 800 வேண்டும். விளைச்சல் ஒரு கிலோகூடக் கூடவில்லை. சந்தையிலும் புதிதாக ஒருவர் வரவில்லை. ஆனாலும் 200 பெட்டிக்குத் தட்டுப்பாடு.

சாதாரண சரக்குப் பெட்டி என்றால் இதைச் சமாளித்துவிடலாம். அது வெறும் இரும்புக் கூடு. துறைமுகத்தார் ‘ரீஃபர்’ என்று அழைக்கும் குளிர்ப்பெட்டி ஒரு இயந்திரம். முன்சுவர் முழுவதையும் கம்ப்ரஸரும் விசிறிகளும் கட்டுப்பாட்டுப் பலகையும் அடைத்துக்கொள்கின்றன. சுவர்களுக்குள் பாலியூரித்தேன் நுரை. தரையில் ‘டி’ வடிவ அலுமினியச் சட்டங்கள். அவற்றின் இடைவெளியில் ஓடும் குளிர்காற்று, அட்டைப்பெட்டிகளினூடே மேலெழுந்து கூரையை ஒட்டி மறுபடி இயந்திரத்துக்குத் திரும்புகிறது. சாலையில் ஜெனரேட்டர், யார்டில் பிளக், கப்பலில் பிளக் என்று மின்சாரம் கூடவே வந்தாக வேண்டும். ஒரு கப்பலில் எத்தனை பிளக் உண்டோ அத்தனை ரீஃபர்தான் ஏறும்.

உறைந்த சரக்கு தாமதத்தைத் தாங்கும் என்பது உண்மை. 2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த சுமார் 17.8 லட்சம் டன் கடலுணவில் வருமானத்தில் முதலிடம் உறைந்த இறாலுக்கு. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் இறால் இரண்டு வாரம் கூடுதலாகப் பயணித்தாலும் கெடாது. ஆனால் அந்த இரண்டு வாரமும் அது ஒரு பெட்டியையும் ஒரு பிளக்கையும் பிடித்து வைத்திருக்கும். தாங்கக்கூடிய சரக்கின் தாமதம், தாங்க முடியாத சரக்கின் தலையில் விடிகிறது. ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் பெரிய ஏற்றுமதியாளருக்குப் பெட்டி கிடைத்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பெட்டி அனுப்பும் சிறியவர் காத்திருக்க வேண்டும், அவருடைய காம்பு பழுப்பேறிக்கொண்டிருக்கும்போதே.

பெட்டிகள் எங்கே செய்யப்படுகின்றன என்ற கேள்விக்குக் கைவிடப்பட்ட ஒரு பேரம் பதில் தருகிறது. மெர்ஸ்க் குழுமத்தின் பெட்டித் தயாரிப்பு நிறுவனம் சீனாவின் சிங்தாவிலும் சிலியின் சான் அந்தோனியோவிலும் ஆலை வைத்திருந்தது. சிலி உலகின் பெரிய பழ ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. பழம் ஏறும் துறைமுகத்திலேயே பெட்டியும் பிறப்பது பொருத்தமான ஏற்பாடு. செலவு கட்டவில்லை என்று 2018-ல் சிலி ஆலை மூடப்பட்டது. 2021-ல் அந்த நிறுவனத்தையே சீனாவின் சி.ஐ.எம்.சி. வாங்க முன்வந்தது. உலகில் நான்கே பேர் இருக்கும் துறையில் இருவர் ஒன்றாவார்கள், உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் சீன அரசின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள நிறுவனங்களிடம் சேரும் என்று அமெரிக்க நீதித்துறை எதிர்த்தது. 2022 ஆகஸ்டில் பேரம் கைவிடப்பட்டது.

இதை வெற்றியாகக் கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். உடைமை மாறவில்லை, சரி. ஆலை சிங்தாவில்தானே இருக்கிறது? போட்டிச் சட்டத்துக்கு உரிமையாளர் யார் என்பது முக்கியம். ஒரு நாட்டின் துறைமுகங்கள் மோதலில் சிக்கினால் கணக்கில் வருவது ஆலை நிற்கும் இடம்.

அப்படியானால் ஆலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் போதுமா? ரீஃபரைப் போலவே கம்ப்ரஸரை நம்பியிருக்கும் ஏ.சி. துறையில் இந்திய அனுபவம் எச்சரிக்கிறது. சீனாவுடன் கல்வான் எல்லை மோதல் நடந்த 2020-ஆம் ஆண்டின் அக்டோபரில், குளிரூட்டி வாயு நிரப்பிய ஏ.சி.க்களின் இறக்குமதியை இந்தியா தடை செய்தது. அடுத்த ஆண்டு ஏ.சி., எல்.இ.டி. விளக்கு உதிரிபாகங்களின் உள்நாட்டு உற்பத்திக்கு ரூ. 6,238 கோடி ஊக்கத்தொகை அறிவித்தது. பொருத்தும் வேலை உள்ளூருக்கு வந்தது. ஆனால் கம்ப்ரஸருக்கு இறக்குமதியைச் சார்ந்திருப்பது தீரவில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸரின் மோட்டாருக்கு நிலைக்காந்தம் வேண்டும். அந்தக் காந்தம் சூட்டைத் தாங்க டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சுங்கவரிக்குப் பதிலடியாக 2025 ஏப்ரல் 4 அன்று சீனா உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த ஏழு அரியவகைத் தனிமங்களில் இந்த இரண்டும் உண்டு. சார்பு ஒழியவில்லை, ஒரு படி கீழே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆலை வைத்திருப்பவருக்கும் பாதுகாப்பு இல்லை. ஜெர்மனியின் பி.எஸ்.எச். நிறுவனத்துக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வீட்டுக் குளிர்பதனப்பெட்டி ஆலை இருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2024 ஏப்ரலில், அதன் ரஷ்யக் கிளை ரஷ்ய அரசாணையால் காஸ்ப்ரோம் குழும நிறுவனம் ஒன்றின் தற்காலிக நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது.

தட்டுப்பாட்டின் இன்னொரு முகம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. ரீஃபர்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ வாயு பயன்படுகிறது. இவ்வகை வாயுக்களின் மூலப்பொருளான ஃபுளோர்ஸ்பார் கனிமத்தில் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் சீனாவில் வெட்டப்படுகிறது. வாயு அரிதாகி விலை ஏறினால் போலி நுழையும். 2011-ல் இதுதான் நடந்தது. வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட சில பெட்டிகளில் மெத்தில் குளோரைடு கலந்த போலி வாயு ஏற்றப்பட்டிருந்தது. அது இயந்திரத்தின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கியது. பெட்டிகள் வெடித்தன, மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். வழக்கமான வேலை என்று நினைத்துப் பெட்டியை நெருங்கியவர்கள் அவர்கள். அது போர்க்காலம் இல்லை. ஆனால் போர் உண்டாக்கும் தட்டுப்பாட்டிலும் சிலிண்டர் அதே சந்தையிலிருந்துதான் வரும். ஆபத்தை ஏற்பவர்கள் அதே யார்டு மெக்கானிக்குகள்தான்.

புதிய ஆலைகள் எழ ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் செய்யக்கூடியது, இருக்கும் பெட்டிகளின் ஆயுளைக் காப்பது. ஒவ்வொரு ஏற்றுமதித் துறைமுகத்திலும் பழுதுபார்க்கும் யார்டு, கம்ப்ரஸரும் கட்டுப்பாட்டுப் பலகையும் முன்கூட்டியே வாங்கி வைத்த இருப்பு, தேர்ந்த தொழிலாளர்கள் ஆகியவற்றை உணவுப் பாதுகாப்புச் செலவாக அரசு கணக்கிட வேண்டும். தானியக் கிடங்குக்கு அப்படித்தானே செலவிடுகிறோம். வாயுச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம்கூட முதலில் தேவையில்லை. தூய ஆர்-134ஏ-வில் குளோரின் கிடையாது. ஹாலைடு விளக்கின் சுடரில் சிறிது வாயுவைக் காட்டி, சுடர் பச்சையாக மாறினால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கி வைத்துவிடலாம். சில நிமிட வேலை அது.