இலை ஊதி எஞ்சின்: வரலாறும் பழுது நீக்கமும்

இலை ஊதி என்பது உதிர்ந்த இலைகளையும் குப்பையையும் காற்றின் விசையால் ஒதுக்கித் தள்ளும் கருவியாகும். கையில் பிடிக்கும் வகையில் பெரும்பாலும் 25 கன செ.மீ. அளவுள்ள, பெட்ரோலில் ஓடும் இருவீச்சு எஞ்சின் இருக்கும். முதுகில் சுமக்கும் வகையின் எஞ்சின் இதைவிடப் பெரியது. எடை குறைவாகவும், எப்பக்கம் சாய்த்தாலும் ஓடுவதாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றங்களே இந்த எஞ்சினின் வரலாறு. அதில் வழக்கமாக ஏற்படும் பழுதுகள் பலவும் அந்த மாற்றங்களிலிருந்தே பிறந்தவை.

இருவீச்சு எஞ்சினின் தோற்றம்

ஸ்காட்லாந்துப் பொறியாளர் டூகால்ட் கிளார்க் 1881-இல் இருவீச்சு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அவரது எஞ்சினில் எரிவாயுக் கலவையை உள்ளே தள்ளத் தனியாக ஒரு சிலிண்டர் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையையே பம்பாகப் பயன்படுத்தினார். அவரிடம் பணியாற்றிய ஃபிரடெரிக் காக், பிஸ்டனின் பக்கச்சுவரே துளைகளைத் திறந்து மூடும்படி அமைத்து, 1892-இல் வால்வுகளின் தேவையை நீக்கினார்.

கிராங்க் அறை வழியாகக் கலவை செல்வதால் அங்கு எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டியதாயிற்று. இன்றைய எஞ்சின்கள் பலவற்றுக்கு 50:1 என்ற விகிதம் கூறப்படுகிறது. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரில் உரசி இறுகிவிடும்.

சாய்த்தாலும் ஓடும் கார்புரேட்டர்

பழைய கார்புரேட்டர்களில் பெட்ரோலின் அளவை ஒரு மிதவை கட்டுப்படுத்தியது. எஞ்சினைச் சாய்த்தால் மிதவை நிலை மாறி, எஞ்சின் நின்றுவிடும். மரம் அறுக்கும் சங்கிலி வாள்களுக்கு இது பெரிய தடையாக இருந்தது. இதற்குத் தீர்வாக மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வுகள் கொண்ட கார்புரேட்டர் 1950-களில் பரவியது. ஒரு சவ்வு, கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் அசைந்து, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மற்றொன்று ஊசி வால்வைத் திறந்து மூடி அளவைச் சீராக்குகிறது.

வயல்களில் பூச்சிமருந்து தூவ ஜப்பானிய நிறுவனங்கள் முதுகில் சுமக்கும் கருவிகளைச் செய்துவந்தன. மருந்துத் தொட்டியை நீக்கிய அதே அமைப்பு 1970-களில் அமெரிக்காவில் இலை ஊதியாகப் பரவியது. 1976-77 கலிபோர்னியா வறட்சியில் நடைபாதைகளைத் தண்ணீரால் கழுவுவது கட்டுப்படுத்தப்பட்டதும் இப்பரவலுக்கு உதவியது. ஆனால் இரைச்சல் காரணமாக, அம்மாநிலத்தின் கார்மல் நகரம் 1975-லேயே இதைத் தடை செய்திருந்தது.

பழுது காணும் வரிசை

எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள், தீப்பொறி, அழுத்தம், புகை வெளியேற வழி ஆகிய நான்கும் தேவை. எளிதாகச் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்குவது முறை. எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் வேலை செய்ய வேண்டும்.

எரிபொருள்: பல மாதங்கள் தொட்டியில் கிடந்த பெட்ரோல்தான் முதலில் ஐயப்பட வேண்டியது. அதை வடித்துப் புதுக் கலவையை ஊற்ற வேண்டும். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு, ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் கெடுக்கிறது. ரப்பர்க் குமிழை அழுத்தியும் பெட்ரோல் ஏறவில்லை என்றால், குழாய் விரிசலையும் தொட்டிக்குள் உள்ள வடிகட்டியையும் பார்க்க வேண்டும். சவ்வு விறைத்துப் போயிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தீப்பொறி: கயிற்றைப் பலமுறை இழுத்த பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது அல்லது தீப்பொறி இல்லை. புதுப் பிளக் மாட்டியும் பொறி வராவிட்டால், நிறுத்தும் சுவிட்சின் கம்பி உலோகத்தில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே காயிலைக் குறை சொல்ல வேண்டும்.

அழுத்தம்: கயிறு இழுக்கும்போது தடையே இல்லாமல் வந்தால், சைலன்சரைக் கழற்றித் துளை வழியே பிஸ்டனைப் பார்க்கலாம். செங்குத்தான ஆழமான கீறல்கள் தெரிந்தால், எண்ணெய்க் குறைவால் ஏற்பட்ட சேதமாக இருக்கலாம். அந்நிலையில் கார்புரேட்டருக்குச் செலவிடுவது வீண்.

புகை வழி: எஞ்சின் இயங்கியும் வேகம் பிடிக்காவிட்டால் சைலன்சரில் உள்ள சிறு கம்பி வலையில் கரி அடைத்திருக்கலாம். காட்டுத்தீயைத் தடுக்கவே இவ்வலை வைக்கப்பட்டது. அதைத் துலக்கி மீண்டும் பொருத்த வேண்டும், எடுத்து எறியக் கூடாது.

சட்டங்களும் பழுதுநீக்கமும்

வால்வு இல்லாத எளிமைக்கு ஒரு விலை உண்டு. புதுக் கலவை உள்ளே வரும்போதே புகைத்துளையும் திறந்திருப்பதால், பழைய வகை எஞ்சின்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் எரியாமலே வெளியேறியது. 1990-களில் அமெரிக்கா சிறு எஞ்சின்களுக்குப் புகை வரம்புகளை விதித்தது. அதன் பிறகு கார்புரேட்டர் திருகுகளுக்கு வரம்பு மூடிகளும், சாதாரணத் திருப்புளி நுழையாத தலைகளும் வந்தன. சவ்வு விறைத்துப் பெட்ரோல் குறையும்போது திருகைத் திருப்பிச் சமாளிக்கும் பழைய வழி இதனால் சுருங்கியது.

ஒரு மணி நேரம் இலை ஊதியை இயக்குவது, ஒரு காரை 1,100 மைல் (சுமார் 1,770 கி.மீ.) ஓட்டுவதற்கு இணையான புகைமூட்ட மாசை உண்டாக்கும் எனக் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் மதிப்பிட்டது. 2021-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 2024 முதல் தயாராகும் இத்தகைய புதிய கருவிகள் புகையற்றவையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவற்றை மாநில விதி தடை செய்யவில்லை. உள்ளூர்த் தடை இல்லாத இடங்களில் அவை ஓடும் காலம் வரை புதுக் கலவை, நல்ல சவ்வு, சுத்தமான வலை ஆகிய மூன்றும் அவற்றின் ஆயுளைக் கூட்டுவதோடு புகையையும் குறைக்கும்.