அம்மாவின் சுண்டும் மொன்பாசியே சந்தையும்

பாரிஸில் பிறந்து வளர்ந்த எனக்குச் சந்தை என்றால் லா ஷப்பல் தமிழ்க் கடைகள்தான். போன கோடை விடுமுறையில் அம்மாவோடு பிரான்சின் தென்மேற்கே மொன்பாசியே என்ற சிற்றூருக்குப் போனேன். அங்கே வியாழக்கிழமைதோறும் சந்தை. தக்காளி, வால்நட், ஆட்டுப்பால் பாற்கட்டி, கூடைகள்... "சுன்னாகம் சந்தை மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.

இந்த ஊரே சந்தைக்காகக் கட்டப்பட்டது போலத்தான் இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284இல் இதை நிறுவினார். அப்போது இந்தப் பகுதி அவர் ஆட்சியில் இருந்தது. நேரான தெருக்கள், நடுவில் சதுக்கம், அதன் ஒரு பக்கம் தடித்த மரத்தூண்கள் தாங்கும் சுவரில்லாத கொட்டகை. அந்தக் கொட்டகையில் தானியம் அளக்கும் பழைய பாத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. "இதென்ன, பெரிய கொத்தா?" என்று அம்மா தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பாத்திரம் சின்ன விஷயமில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் அளவு வேறு. ஒரே பெயருள்ள படி ஓர் ஊரில் சிறிது, அடுத்த ஊரில் பெரிது. குடியானவர்கள் பிரபுவுக்குத் தானியமாகவும் வரி கட்டினார்கள். பிரபுவின் படி பெரிதானால் அவர்கள் வீட்டில் சோறு குறையும். வரிச்சுமை தாங்காமல் இந்தப் பகுதி மக்கள் கிளர்ந்தும் எழுந்தார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவரான பூஃபாரோ என்ற நெசவாளர் 1637இல் இதே சதுக்கத்தில் கொல்லப்பட்டார். நான் ஐஸ்கிரீம் சாப்பிட்ட இடம் அது.

1789இல் புரட்சிக்கு முன் மக்கள் அரசருக்குக் குறைகளை எழுதி அனுப்பினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை. 1795இல் மீட்டர், லிட்டர், கிராம் என்று சட்டம் வந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. நெப்போலியன் 1812இல் பழைய பெயர்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தார். 1840 ஜனவரி 1 முதல்தான் மெட்ரிக் அளவு முழுமையாகக் கட்டாயமானது. பள்ளியில் நாம் அலுப்போடு படிக்கும் கிலோவுக்குப் பின்னால் இத்தனை பேரின் பசி இருக்கிறது.

அந்த ஞாயிறு பக்கத்து ஊரில் 'வித் குர்னியே' நடந்தது. 'பரணைக் காலிசெய்தல்' என்று பொருள். வீட்டுப் பழைய சாமான்களை ஊர்மக்களே தெருவில் பரப்பி விற்பார்கள். வியாபாரியல்லாத ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் இப்படி விற்கலாம் என்பது சட்டம். அங்கே ஒரு பாட்டியிடம் மூன்று யூரோவுக்கு ஓர் இரும்பு எடைக்கல் வாங்கினேன். அறுகோண வடிவம், மேலே வளையம், அடியில் ஈயம். ஈயத்தில் சின்னச் சின்ன எழுத்துகள். எடை சரிதானா என்று அதிகாரிகள் சோதித்துக் குத்திய முத்திரைகள் அவை. "அப்பாவின் கடையில் இருந்தது. என் பிள்ளைகளுக்கு இது வேண்டாமாம்" என்றார் பாட்டி.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அரிசி அளக்க ஒரு சுண்டு இருக்கிறது. நெளிந்த பழைய பால்மா ரின். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மிகச் சில பொருட்களில் ஒன்று. வீடு மாறியபோது அதை நான் குப்பைப் பையில் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்ப எடுத்து, கழுவி வைத்தார்.

நம் வீடுகளில் பரண் இல்லை. இருப்பது ஒரு பெட்டி, ஓர் அலுமாரி மூலை. அதில் என்ன இருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். இப்போது எங்கள் சமையலறையில் எடைக்கல்லும் சுண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அரிசியை அம்மா இன்னும் சுண்டால்தான் அளக்கிறார்.