படைமுகாமிலிருந்து தறிவீட்டுக்கு: ஃப்ளூ தடுப்பூசி குடும்பத்தை நோக்கி நகர்ந்த வரலாறு

ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர் போன்ற ஊர்களில் வீடும் பட்டறையும் பெரும்பாலும் ஒன்றுதான். கூடத்தில் தறி, சில அடி தள்ளிக் குழந்தையின் தூளி. கணவர் நெய்ய, மனைவி தார் சுற்ற, பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஒரே கூரைக்கடியில் பகலும் இரவும் கழிகின்றன. இங்கே ஃப்ளூ காய்ச்சலைத் தனி ஒருவரின் நோயாகக் கணக்கிடுவது பொருந்தாது. குடும்பத்தையே அலகாகக் கொள்ளும் இந்தப் பார்வைக்கு வந்துசேர மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த கொள்ளைக் காய்ச்சலுக்கு இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே அன்று பலரும் நம்பினர். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் 1933இல்தான் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. தாமஸ் ஃபிரான்சிசும் ஜோனாஸ் சால்க்கும் முட்டையில் வளர்த்த வைரஸைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசியாக்கினர். 1945இல் அது முதலில் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கப் படை. முகாமில் நெருக்கியடித்துப் படுக்கும் சிப்பாய் காய்ச்சலில் விழக் கூடாது என்பதே அன்றைய கவலை. குழந்தை அந்தக் கணக்கில் இல்லை.

1957இல் ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தது நம் வாசல் வழியாகத்தான். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தனர். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் நோயின் பரவலைப் பின்தொடர்ந்து பதிவு செய்தது. 1958 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கில் ஏறியது. ஏறாதவர்கள் எத்தனை மடங்கோ. கண்காணிப்பு அறிவியல் இவ்வளவு அருகில் இருந்தும், தடுப்பூசி எளிய வீடுகளின் பக்கம் வரவில்லை.

திருப்பம் வேறிடங்களில் நிகழ்ந்தது. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டது. 1987இல் கட்டாயம் தளர்ந்து, 1994இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் முதியவர்களின் இறப்பு குறைந்திருந்ததையும், நிறுத்தியபின் அது ஏறியதையும் காட்டியது: ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஒரு மரணத்தைத் தடுத்தது என்பது அதன் மதிப்பீடு. இறப்புப் பதிவேடுகளை மட்டும் நம்பிச் செய்த இக்கணக்கை அப்படியே ஏற்கத் தயக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் ஜப்பானில் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன.

தயக்கத்தைப் பெரிதும் போக்கியது 2010இல் வெளிவந்த கனடிய ஆய்வு. ஹட்டரைட் என்னும் சமயக் குழுவினர் கூட்டாக உழுது கூட்டாக உண்டு வாழ்பவர்கள். அவர்களின் 49 குடியிருப்புகளில் ஒரு பகுதியில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றில் கல்லீரல் அழற்சிக்கான ஊசியும் போட்டனர். ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசியே போடாத மற்றவர்களுக்கும் சுமார் 60 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. வீட்டுக்கு நோயைக் கொண்டுவருவதில் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஒரே தெருவில் ஒருவர் வீட்டுப் பிள்ளை இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் வளரும் நெசவாளர் குடியிருப்பு, இந்த ஹட்டரைட் வாழ்க்கைக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

இந்தியச் சான்று அரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. 2009இல் தொடங்கி அங்குள்ள மூன்று கிராமங்களில் வீடு வீடாகப் பிரித்து, 6 மாதம் முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு மூன்றாண்டுகள் ஊசி போட்டனர். ஊசி பெற்ற குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு முதல் ஆண்டில் நான்கில் ஒரு பங்கு. மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஒரே ஊசி, ஒரே கிராமங்கள், இவ்வளவு ஏற்ற இறக்கம். வைரஸ் ஆண்டுதோறும் முகம் மாற்றுவதால் ஃப்ளூ ஊசியின் பலனும் மாறும். இதை மறைத்துப் பேசும் பிரசாரம் பின்னால் நம்பிக்கையைத்தான் இழக்கும்.

ஆனால் மிக அதிக ஆபத்தில் இருப்பது தூளியில் கிடக்கும் குழந்தை. ஆறு மாதம் நிறையும் முன் அதற்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதை நேரடியாகக் காக்க இருக்கும் வழி, கர்ப்பத்தில் ஊசி போட்டுக்கொண்ட தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குச் செல்வதுதான். டாக்காவில் 340 கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் கைக்குழந்தைகளிடம் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்தது. பின்னர் நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 3,693 பெண்களிடம் செய்தபோது கிடைத்தது 30 விழுக்காடுதான். பிறப்பு எடை மட்டும் சராசரியாக 42 கிராம் கூடியது. பெரிய ஆய்வின் சிறிய எண்ணையே நான் நம்புவேன்; எடை குறைந்த பிள்ளைகள் ஏராளமாகப் பிறக்கும் நாட்டில் அந்த 42 கிராமும் அற்பமல்ல.

தமிழ்நாட்டில் ஃப்ளூவின் அச்சம் வீடுகளுக்குள் புகுந்தது 2009 ஆகஸ்டில், சென்னையில் நான்கு வயதுச் சிறுவன் பன்றிக் காய்ச்சலில் இறந்தபோது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கிய இரு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நிமோனியாவுக்கான ஊசியும் பின்னர் இலவசப் பட்டியலுக்கு வந்தது. ஃப்ளூ ஊசி மட்டும் வரவில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம். ஆனால் தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசிக்கே பொதுவாக ஆயிரம் ரூபாயைத் தாண்டும். முதல் முறை போடும் சிறு பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு வேண்டும். சேலைக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

காலமும் ஒத்துழைப்பதில்லை. டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் தொடுகிறது. சென்னையிலும் தேசூருக்கு வெகு தொலைவில் இல்லாத வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. தீபாவளிச் சேலைகளுக்குத் தறி ஓயாமல் ஓடும் மாதமும், ஈரத்தில் பாவு தளர்ந்து வேலை நின்று கையிருப்பு கரையும் மாதமும் அதற்குள்ளேயே அடங்குகின்றன. ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், இப்பகுதிக்கு உரிய மாதம் செப்டம்பர்.

கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. அவர்கள் ரணஜன்னி ஊசிக்கு ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவர்களின் பதிவும் இருக்கிறது. அதே நாற்காலியில், அதே செவிலியர் கையால் இன்னொரு ஊசி போடப் புதிய கட்டடமோ புதிய ஆளோ தேவையில்லை. தேவைப்படுவது கொள்முதல் ஆணையும் செப்டம்பருக்குள் மருந்து வந்துசேரும் ஏற்பாடும்.