மடிக்கணினிக்கு வெளியே கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கையில் இருப்பது மெல்லிய மடிக்கணினி. பள்ளிப் பாடத்துக்கும் வேலைக்கும் அது போதும். ஆனால் புதிய கேம் ஒன்றைத் திறந்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. 4கே காணொளியில் நிறத்தைத் திருத்தினால் மின்விசிறி அலறுகிறது.

புதுக் கணினி வாங்காமல் இதைச் சமாளிக்க ஒரு வழி, 'இஜிபியு' எனப்படும் வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு. ஆனால் எல்லாருடைய கணினிக்கும் அது ஒத்துவராது.

அப்படின்னா என்ன?

மேசைக் கணினிக்குள் இருக்கும் அதே கிராஃபிக்ஸ் கார்டுதான். அதைத் தனிப் பெட்டியில் பொருத்தி, தனி மின்சாரம் கொடுத்து, ஒரே கேபிளில் மடிக்கணினியுடன் இணைக்கிறோம். சில பெட்டிகள் அதே கேபிள்வழி மடிக்கணினியையும் சார்ஜ் செய்யும்.

என் லேப்டாப்ல வேலை செய்யுமா?

யுஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாத் துளையும் ஒன்றல்ல.

- தண்டர்போல்ட் 3, 4 அல்லது 5 வேண்டும். துளைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மின்னல் குறி இருக்கும்.
- யுஎஸ்பி4 என்றால் கவனம். இந்த வசதி எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் பாருங்கள்.
- எம்1 முதல் வந்த ஆப்பிள் சில்லுகள் கொண்ட மேக் கணினிகளுக்கு ஆப்பிள் இந்த ஆதரவைத் தரவில்லை. தண்டர்போல்ட் 3 உள்ள இன்டெல் மேக் கணினிகளில் மட்டும், அதுவும் ஏஎம்டி கார்டுகள் சிலவற்றுக்கே ஆதரவு உண்டு.

முழு வேகமும் கிடைக்குமா?

கிடைக்காது. மேசைக் கணினிக்குள் பிசிஐஇ 4.0 தரத்தில் 16 தடங்கள் வழியாக விநாடிக்குச் சுமார் 250 ஜிகாபிட் தரவு போகலாம். தண்டர்போல்ட் 3, 4 கேபிள்களின் வேகம் 40 ஜிகாபிட். அதிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32. தண்டர்போல்ட் 5-இல் அது 64 வரை உயரும்.

பிஐஇ விரைவுச்சாலையில் ஓடும் வாகனங்களை எல்லாம் ஒற்றைத் தடத்தில் விடுவது மாதிரி! அதனால் ஆக விலை உயர்ந்த கார்டை வாங்கினால், அதன் திறனில் ஒரு பகுதி வீணாகும். நடுத்தரக் கார்டே பலருக்குப் போதும்.

திரையும் முக்கியம். மடிக்கணினியின் சொந்தத் திரையில் விளையாடினால், படம் அதே கேபிளில் திரும்பி வர வேண்டும். வேகம் இன்னும் குறையும். தனித் திரையை நேராகக் கார்டில் இணைப்பது நல்லது.

எடிட்டிங்குக்கு உதவுமா?

வேலையைப் பொறுத்தது. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம், எஃபெக்ட்ஸ் ஆகியவை கிராஃபிக்ஸ் கார்டை நம்பியவை. அங்கே வித்தியாசம் தெரியும். வெறும் வெட்டி ஒட்டும் வேலைக்குப் பெரிய பலன் இல்லை.

எனவே முதலில் ஒரு சோதனை. கணினி தடுமாறும் நேரத்தில், விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறங்கள். ஜிபியு 100 விழுக்காட்டைத் தொட்டால் புதுக் கார்டு உதவலாம். சிபியு அல்லது நினைவகம்தான் நிரம்பி வழிகிறது என்றால், எவ்வளவு செலவழித்தாலும் தடுமாற்றம் தீராது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

கார்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டி, மின்விநியோகக் கருவி, கேபிள், தனித் திரை எல்லாவற்றையும் கூட்டுங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். வரும் தொகையை ஒரு மேசைக் கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் மேசைக் கணினியே லாபம்.

பகலில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், இரவில் வீட்டு மேசையில் விளையாடுபவர்களுக்கும் எடிட் செய்பவர்களுக்கும் இஜிபியு பொருந்தும். இருப்பது ஒரே கணினி. கோப்புகளும் ஒரே இடத்தில்.

பழைய பெட்டியைக் கைமாற்றி வாங்குகிறீர்களா? உங்கள் மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் இணைத்து ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.