மண்வெட்டி பிடித்த வாத்தியார்

மணப்பாடு போயிருக்கிறீர்களா? திருச்செந்தூரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். கடலைப் பார்த்து நிற்கும் மணல்மேடு, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், சுற்றிலும் கடலை நம்பி வாழும் பரதவர் வீடுகள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்து தங்கிய முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்று.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தோட்டம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டினால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். காலையில் ஊற்றிய தண்ணீரை மதியம் தேட வேண்டும். எரு, நல்ல மண், தண்ணீர் எல்லாமே சுமந்துதான் வந்தாக வேண்டும். சரி, யார் சுமப்பது?

'வேற யாரு? பசங்கதான்!' என்று பட்டென்று பதில் வரும். அந்தப் 'பசங்கதான்' என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

அதைப் பார்க்க நாம் தென்னாப்பிரிக்கா போக வேண்டும். அதுவும் இதே தூத்துக்குடிச் சீமை வழியாக! 1840-களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர் ஜி.யு. போப். ஆமாம், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே போப்தான். அவர் எழுதிய தமிழ்க் கையேடு ஒன்று, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் ஒரு குஜராத்தி வக்கீலின் கையில் இருந்தது. அவர் பெயர் காந்தி.

1910-ம் வருடம். சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் எங்கே தங்குவது? நண்பர் காலன்பாக் தன்னுடைய 1,100 ஏக்கர் பண்ணையைக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஆயிரம் பழமரங்கள் உள்ள இடம். 'டால்ஸ்டாய் பண்ணை' என்று பெயர் வைத்தார்கள். அங்கே வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பிள்ளைகளுக்கு வாத்தியார் வைக்கக் காசில்லை. காந்தியும் காலன்பாக்குமே வாத்தியார்கள்!

தமிழ்ப் பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்தே தெரியாது. போப்பின் கையேட்டைத் தாண்டாத காந்திதான் அவர்களுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுத்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள். அது இரண்டு தரப்புக்குமே தெரியும்!

பாடமெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். காலையில் தோட்டம். குழி வெட்டுவது, மரம் அறுப்பது, சுமை தூக்குவது... பெரும்பங்கு பிள்ளைகளுடையது. சும்மா இருப்பார்களா? சிலர் 'உடம்பு சரியில்லை' என்று டபாய்ப்பார்கள். சில சமயம் எல்லோருமே! காந்தி சிலவற்றைக் கண்டும் காணாமல் விட்டார். பல சமயம் கண்டிப்பு காட்டினார். மதிய வகுப்பிலோ பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வாத்தியாருக்கும் கண் சொக்கும். தண்ணீரைத் தெளித்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டியிருந்தது.

ஆனால், ஒரு விதி மட்டும் கறார். வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. அவர்கள் குழி தோண்டினால் பக்கத்தில் ஒரு வாத்தியாரும் தோண்டியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குள் தோட்டத்தைக் கொண்டுவந்தது காந்தி மட்டுமல்ல. 1840-ல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்ததே 'குழந்தைகள் தோட்டம்' என்ற அர்த்தத்தில்தான். பிள்ளைக்கு ஆளுக்கொரு சின்னப் பாத்தி கொடுக்கச் சொன்னார் மனிதர். (உங்கள் வீட்டு எல்.கே.ஜி.யில் அந்த 'ஜி' தோட்டத்தைக் குறிக்கிறது. ஒரு பூந்தொட்டியாவது இருக்கிறதா, விசாரியுங்கள்!) 1851-ல் பிரஷ்ய அரசு அதைத் தடையே செய்தது. பாத்தி கட்டும் குழந்தைகளைப் பார்த்து ஒரு ராஜாங்கம் மிரண்டது!

1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியே படிப்பு. விவசாயமும் தோட்ட வேலையும் அதில் உண்டு. பதினாறு வருடம் கழித்து, 1953-ல், சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி இன்னொரு திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். ஷிப்டு முறையில் நடத்தினால் இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு.

பார்வைக்கு வார்தா மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால், வலையிழுப்பவர் மகன் வலையும், சலவைத் தொழிலாளி மகன் துணியும் என்று ஆகிவிட்டால் சாதி எப்போது விடும்? 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் கொதித்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்தார். திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்றே எனக்குப் படுகிறது. டால்ஸ்டாய் பண்ணையில் வக்கீலும் குழி வெட்டினார். 1953 திட்டத்தில் நகரத்துப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல முழுநாள் பள்ளி!

காமராஜர் பிரச்னையை வேறு முனையிலிருந்து பிடித்தார். பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு. 1956-ல் மணப்பாடு இருக்கும் இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஊர்க்காரர்கள் தானியமும் காசும் கொடுத்து உலை வைத்தார்கள்.

இப்போது அந்த உலைக்குக் கீரையும் முருங்கைக்காயும் பள்ளி வளாகத்திலேயே விளையட்டும் என்கிறார்கள். 2019-ல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதலே வெளியிட்டது. நல்ல காரியம்தான். ஆனால், கழிப்பறை கழுவக் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளையே அனுப்பியதாக இன்றும் செய்தி வருகிற நாடு இது. எரு சுமக்கும் முறை எந்தெந்தப் பிள்ளைக்கு வருகிறது என்று யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

'நாங்களும் உதவுகிறோம் சார்' என்று முன்வரும் அண்ணன்களும் அக்காக்களும் செடி நட்டு போட்டோ எடுக்கும் நாளில் நிறையவே வருகிறார்கள். கஷ்டம் மே மாதத்தில்தான். பள்ளிக்குப் பூட்டு, பிள்ளைகள் லீவில். மணப்பாடு மாதிரி மணலில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் கத்தரி கருகிவிடும். காலையும் மாலையும் குடத்தோடு வர அப்போது நாலு பேர் வேண்டும். அதில் ஹெட்மாஸ்டரும் ஒருவராக இருந்தால் நல்லது.