துண்டுக்கடியில் விரல்கள்: மடலின் மறைவு குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் வடமதுரையைக் கடந்தால் அய்யலூர். வியாழக்கிழமைதோறும் இங்கே ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆடு மாடு விற்கும் சந்தைகளில் நம் பக்கத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின்மீதும் போட்டுக்கொண்டு, அதனடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். இத்தனை விரலுக்கு இத்தனை ரூபாய் என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தெரிவது துண்டின் அசைவு மட்டுமே.

அந்தத் துண்டு இரண்டு காரியங்களைச் செய்கிறது. பேச்சை மற்றவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. பேசுகிறவர் இன்னாரே என்பதை உறுதிசெய்கிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பிடித்திருக்கும் கை எதிரே நிற்பவருடையது. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொருவர் துண்டுக்குள் கைவிட முடியாது.

மின்னஞ்சலின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது முதல் காரியத்தைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். நம் மடலை யாரேனும் படித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். நம் பெயரில் யாரேனும் எழுதிவிடுவார்களோ, நாம் எழுதாததை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அரிதாகவே எழுகிறது. தமிழர்களின் மடல் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் அந்த இரண்டாவது அபாயமே பெரியதாக இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் ஒரு மடல் வருகிறது. மதுரையின் புறத்தே தங்கியிருக்கும் கோவலனிடம் மாதவியின் ஓலையைக் கௌசிகன் கொண்டுவந்து தருகிறான். ஓலை மண் இலச்சினை இட்டு மூடப்பட்டது. முத்திரை உடையாதிருந்தால் வழியில் எவரும் பிரிக்கவில்லை என்று பொருள். கோவலன் அதை உடனே பிரிப்பதில்லை. அவள் கூந்தலால் ஒற்றிய அந்த மண்பொறியிலிருந்து எழும் நெய்வாசம், உடன் வாழ்ந்த நாட்களை அவனுக்கு நினைவூட்டுகிறது. அதன் பிறகே பிரிக்கிறான். மறைவுக்கு மண், ஆளை அடையாளம் காட்ட மணம். அனுப்பியவரைச் சரிபார்த்த பிறகே மடலைத் திறக்க வேண்டும் என்று இன்று கணினி வல்லுநர்கள் சொல்வதும் இதைத்தான்.

அதே காதையில் பலரும் கவனியாது கடக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. மடலைப் படித்த கோவலன், அதிலுள்ள சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டியவற்றுக்கும் பொருந்துவதைக் காண்கிறான். அந்த ஓலையையே பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லிக் கௌசிகனிடம் திருப்பித் தருகிறான். மாதவி தன் காதலனுக்கு எழுதிய சொற்கள், அவள் அறியாமலேயே இன்னொரு வாசலுக்குப் போகின்றன. கோவலன் தீய எண்ணத்தில் அதைச் செய்யவில்லை. ஆயினும் முத்திரை பயணத்தைத்தான் காத்தது. பெற்றவர் கையிலிருந்து மடல் மேலே போவதை அதனால் தடுக்க முடியவில்லை. மின்னஞ்சலில் ‘முன்னனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் கோவலன் செய்ததையே செய்கிறோம்.

இனிக் காலத்தால் மிகவும் இப்பால் வருவோம். 1908இல் பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் அங்கே வந்து சேர்ந்தனர். ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் தாளும் மடலும் பிரிட்டிஷ் இந்தியாவைக் கடந்தே வரவேண்டியிருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஒற்றர்களின் கண்காணிப்பு மேலும் இறுகியது. இவர்களுக்கு வந்த மடல்கள் வழியில் பிரிக்கப்பட்டன. அதை அவர்களும் அறிந்திருந்தார்கள். அறிந்தவர்கள் எச்சரிக்கையாக எழுதுவார்கள். எனவே படிப்பதால் மட்டும் ஒற்றர்களுக்குப் போதிய பயன் கிட்டவில்லை.

1912இல் நடந்ததுதான் நமது கட்டுரைக்கு முக்கியமானது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு சாடி போடப்பட்டது. அதனுள் ராஜத்துரோகமான எழுத்துகளும், இவர்களைச் சதியில் பிணைக்கும் விதத்தில் இட்டுக்கட்டிய தாள்களும் இருந்தன. பிறகு மயூரேசன் என்பவர் மூலம் பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் சென்றது. சோதனையில் சாடி அகப்பட வேண்டும், அடைக்கலம் தந்த அரசே இவர்களை வெளியேற்ற வேண்டும் என்பது திட்டம். ஆனால் தண்ணீர் இறைக்கப் போன வேலைக்காரப் பெண்ணிடம் சாடி முன்னதாகவே அகப்பட்டுவிட்டது. அரவிந்தரின் யோசனைப்படி ஐயர் தரப்பே பிரெஞ்சுக் காவலரிடம் அதைத் தெரிவித்தது. வீடுகளைச் சோதிக்க வந்த நீதி அதிகாரி, அரவிந்தரின் மேசையில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு வியந்து திரும்பினார். புகார் சொன்னவர் புதுச்சேரியை விட்டு ஓடினார்.

இவர்களைக் காத்தது எது? பூட்டு அன்று. அன்றாடம் நீர் இறைக்கும் கிணறாக அது இருந்ததுதான். தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. புதிதாக ஒன்று கிடைத்ததும் அதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

மடலைப் பிரிக்கும் அதிகாரம் அந்த ஆட்சியோடு போய்விடவில்லை. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் 26ஆம் பிரிவில், பொது நெருக்கடியின்போதோ பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ அஞ்சலை இடைமறிக்க அரசுக்கு இடமளித்தது. 1986இல் அந்த அதிகாரத்தை மேலும் விரிக்கும் திருத்த மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தரவில்லை, மறுக்கவும் இல்லை, மேசையிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன், தஞ்சைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்தவர், 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பினார். 2002இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. இரு தலைவர்களும் மேடையேறி இதைப் பற்றி முழங்கவில்லை. கையெழுத்திடாமல் இருந்ததே அவர்கள் செய்த காரியம். ஆயினும் 2023இல் வந்த புதிய அஞ்சலகச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் இடைமறிக்கும் அதிகாரத்தைத் தக்கவைத்துள்ளது. அது 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது. மின்மடலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. இவற்றுக்கு எதிர்த்தட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பு நிற்கிறது. தட்டுகள் எப்படித் தாழும் என்பது ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே தெரியவேண்டியது.

மின்னஞ்சலுக்கு வருவோம். 1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியில் இருப்பவருக்கு மடல் அனுப்பும் வழியைக் கண்டார். பெயரையும் இடத்தையும் பிரிக்க ‘அட்’ குறியைத் தேர்ந்தவர் அவரே. 1982இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்எம்டிபி என்னும் விதிமுறை இன்றுவரை மடல் போக்குவரத்தின் அடித்தளம். அன்று வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் சேர்ந்த சிலரே. ஒருவரையொருவர் நம்பினார்கள். ஆகவே அனுப்புநர் என்னும் இடத்தில் எவர் எந்தப் பெயரை எழுதினாலும் அவ்விதி அதைச் சோதிக்கவில்லை. மடலும் உறையின்றியே போயிற்று. 1879இல் கால் அணாவுக்கு இந்தியாவில் அறிமுகமான அஞ்சலட்டையைப் போல, இடையில் உள்ள எவரும் படிக்கத்தக்கதாக இருந்தது.

பிற்காலத்தில் குறைகள் ஒவ்வொன்றாக ஒட்டுப்போடப்பட்டன. 1991இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி, பெறுநரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி மடலைப் பூட்ட வழிசெய்தது. கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்ததால் மக்களிடம் பரவவில்லை. இப்போது பெரிய நிறுவனங்களின் வழங்கிகளுக்கிடையே மடல்கள் பெரும்பாலும் பூட்டப்பட்டே செல்கின்றன. ஆனால் வழங்கியின் உள்ளே சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. 2004இல் தொடங்கிய ஜிமெயில், விளம்பரம் காட்டுவதற்காக மடல்களின் உள்ளடக்கத்தை இயந்திரத்தால் படித்துவந்தது. அதை நிறுத்துவதாக 2017இல் அறிவித்தது. அனுப்பிய களம் உண்மையானதா என்று சோதிக்கும் முறைகளும் வந்துவிட்டன. அவை களத்தைத்தான் சோதிக்கும், ஆளை அறியா. ஒருவரின் கணக்கே பிறர் கையில் சிக்கிவிட்டால், மண் முத்திரையும் உண்மை, கூந்தல் மணமும் உண்மை, எழுதியவர் மட்டும் வேறொருவர்.

இதன் விலை என்ன என்பதைப் பீமா கோரேகாவ் வழக்கில் பார்த்தோம். வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை, எதிர்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி ஆராய்ந்தது ஆர்சனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்க நிறுவனம். அதன் அறிக்கையின் விவரம் 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. 2016 ஜூனில் அவருக்கு அறிமுகமான ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து மடல்கள் வந்தன. இணைப்பைத் திறந்ததும் கணினி வேறொருவர் வசமாயிற்று. பின்னர் சதியைக் காட்டும் கடிதங்கள் மறைவான கோப்புறையில் வைக்கப்பட்டன என்று அது கூறியது. அதே வழக்கில் 2020 அக்டோபரில் கைதான பாதிரியார் ஸ்டான் சுவாமி, திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர். 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே, தம் 84ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் கணினியிலும் கோப்புகள் வைக்கப்பட்டன என்ற அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. தேசியப் புலனாய்வு முகமை இவ்வறிக்கைகளை ஏற்கவில்லை. எது மெய் என்று சொல்லவேண்டியது நீதிமன்றம். ஆனால் அறிக்கை சொல்வது மெய்யாயின், ஐயர் வீட்டுக் கிணற்றுச் சாடியே நூறாண்டு கழித்து வேறு வடிவில் வந்திருக்கிறது. வரகனேரி ஐயரும் விரகாலூர் பாதிரியாரும் ஒரே திருச்சி மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயல். ஐயருக்குத் தண்ணீர் இறைக்க ஒருவர் இருந்தார். கணினியின் மறைவான கோப்புறையில் யாரும் அன்றாடம் நீர் இறைப்பதில்லை.

பெரிய வழக்குகள் நமக்கு நேராது என்று நினைப்பவர்கள் அய்யலூர் போன்ற எந்தச் சிற்றூருக்கும் சென்று பார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் முகவரி கட்டாயம். பிள்ளைகள் கணினி மையத்துக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவரே கணக்கைத் திறக்கிறார், கடவுச்சொல்லை வைக்கிறார், பல வேளைகளில் தன் கைபேசி எண்ணையே மீட்பு எண்ணாகக் கொடுக்கிறார். நமக்குத் தெரிந்த ஒரு பெண், நேர்காணலுக்கான அழைப்பு வந்து கிடந்ததை நாள் கடந்த பிறகே அறிந்தாள். கடவுச்சொல் எழுதிய சீட்டு அந்த மையத்தில் இருந்தது, மையம் வேறிடத்துக்கு மாறிவிட்டிருந்தது. யாரும் அவளை வஞ்சிக்கவில்லை. அவள் வாசலின் சாவி அவளிடம் இல்லை, அவ்வளவே.

ஆகவே செய்யவேண்டியவை பழைய காரியங்களே. கணக்கின் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் நம்முடையவையாக இருக்கட்டும். ஒரு கணக்கின் கடவுச்சொல்லை இன்னொன்றுக்கு வைக்க வேண்டாம். கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையையும் கேட்கும் ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவைத்தால், மண் முத்திரையோடு மணமும் சேர்ந்துவிடும். தெரிந்தவர் பெயரில் வழக்கத்துக்கு மாறான மடலோ, பணம் கேட்டோ இணைப்பைத் திறக்கச் சொல்லியோ செய்தியோ வந்தால், அந்த மடலுக்கே மறுமொழி எழுதிக் கேட்பதில் பயனில்லை. தொலைபேசியில் அழைத்து அவர் குரலைக் கேட்க வேண்டும். எந்தெந்தக் கருவிகளில் நம் கணக்கு திறந்திருக்கிறது என்பதை அமைப்புகளில் மாதம் ஒருமுறை பார்ப்பது கிணற்றில் நீர் இறைப்பதற்குச் சமம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். பிறர் நமக்கு எழுதியதை முன்னனுப்புமுன் மாதவியை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம்.

அஞ்சலட்டை எழுதிய நம் முன்னோர்க்கு அது திறந்த மடல் என்பது தெரியும். தபால்காரர் படிப்பார், திண்ணையில் இருப்பவர் படிப்பார், எழுத்தறியாத வீட்டில் அடுத்த வீட்டுப் பையன் உரக்கப் படித்துக் காட்டுவான். ஆகவே நலம் விசாரித்து, மழையைச் சொல்லி, வரும் நாளைக் குறித்துவிட்டு, கடைசியில் இரண்டே சொற்களை எழுதி முடித்தார்கள். வேறெந்தப் பூட்டும் இல்லாத காலத்தில் அவர்கள் கண்ட பூட்டு அதுதான். மின்னஞ்சலிலும் சிலவற்றுக்கு அதைவிட நல்ல பூட்டு நமக்குத் தெரியவில்லை.

மற்றவை நேரில்.