ஜோசப் சலூனும் மல்லிகையும்

ஓர் இலக்கிய இதழின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் முதல் இதழின் முதற்பக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். யாழ்ப்பாணத்து ‘மல்லிகை’யின் வரலாற்றை அவ்வாறு தொடங்கினால் அதன் வேர் கண்ணுக்குப் புலப்படாது போய்விடும். 1966 ஆகஸ்டில் முதன்முதலாக வெளிவந்த அவ்விதழின் வேர், யாழ்நகரின் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஒரு சிறிய முடிதிருத்தும் கடையில் இருந்தது. கடையின் பெயர் ஜோசப் சலூன். தந்தையின் பெயரைத் தாங்கிய அக்கடையில் நின்று உழைத்தவாறே எழுத்தாளராகவும், பின்னர் இதழாசிரியராகவும் உயர்ந்தவர் டொமினிக் ஜீவா. மூன்று தலைமுறை எழுத்தாளர்கள் தங்கள் குடும்பத்தின் மூத்தவராக அவரைப் போற்றினர். அவரை நினைவுகூரும்போது அவர் நடத்திய கடையையும் நினைவுகூர்வதே முறையாகும். ஏனெனில் அக்கடை அவருடைய பிழைப்புக்கு மட்டும் இடமாக இருந்ததன்று.

யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பில் ‘குடிமை’ முறை நெடுங்காலம் நிலவியது. முடிதிருத்துவோரும் ஆடை வெளுப்போரும் குறிப்பிட்ட குடும்பங்களுக்குக் கட்டுப்பட்டவர்களாக, அவர்தம் வீடுகளுக்குச் சென்று தொழில் செய்தனர். அறுவடைக் காலத்து நெல்லும், நன்மை தீமைகளில் கிடைக்கும் உரிமைப் பொருள்களுமே அவர்களுக்குக் கூலியாயின. உழைப்பவன் முற்றத்தில் நின்றான். உழைப்பைப் பெறுபவன் திண்ணையில் இருந்தான். நகரத்தில் சலூன் தோன்றியபோது இந்த உறவு தலைகீழாக மாறியது. இப்போது வாடிக்கையாளரே கடைதேடி வந்தார். தம் முறை வரும்வரை காத்திருந்தார். வேலை முடிந்ததும் காசை எண்ணிக் கொடுத்தார். கடைக்கு உரியவர் எவருடைய குடிமகனுமல்லர். ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் ஒரு பெயர்ப்பலகையும் சேர்ந்து உண்டாக்கிய இச்சுதந்திரத்தைச் சமூக வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை எனலாம்.

1927 ஜூன் 27ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் பிறந்த டொமினிக்கின் பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சுட்டி இகழ்ந்த சொல் அச்சிறுவனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. அந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே பதிவு செய்தார். பள்ளியிலிருந்து விலகியவர் தந்தையின் கடைக்கு வந்தார். இகழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்பட்ட தொழிலையே கையிலெடுத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அத்தொழிலை அவர் பிற்காலத்தில் எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

சலூன் என்பது அக்காலத்தில் ஏழைகளின் வாசிகசாலையுமாகும். காத்திருப்போருக்காகப் போடப்பட்ட வாங்கில் செய்தித்தாள்களும் வார இதழ்களும் கிடக்கும். ஒருவர் படிக்க, மற்றவர் கேட்பர், கேட்டவர் வாதிடுவார். இத்தகைய சூழலில்தான் டொமினிக் பள்ளியில் இழந்த கல்வியைத் திரும்பப் பெற்றார். 1940களின் பிற்பகுதியில், தமிழகத்தில் அடக்குமுறைக்கு உள்ளாகித் தலைமறைவாக இலங்கைக்கு வந்திருந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அத்தலைவர்பால் கொண்ட ஈடுபாட்டினால் டொமினிக், டொமினிக் ஜீவா ஆனார். நாளடைவில் எழுத்தாளர் பலர் கூடும் இடமாக ஜோசப் சலூன் மாறியது. முடி திருத்திக்கொள்ள வந்தவர்கள் கதை பேசினர். கதை பேச வந்தவர்கள் முடியும் திருத்திக்கொண்டனர்.

1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் ஜீவாவும் கே. டானியலும் முன்னணியில் நின்றனர். தமிழகத்தில் வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ ஜீவாவின் கதைகளை வெளியிட்டதுடன், அவர் படத்தை அட்டையிலும் தாங்கி வந்தது. 1960இல் வெளியான ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. ‘பாதுகை’, ‘சாலையின் திருப்பம்’ ஆகிய தொகுதிகள் தொடர்ந்தன. அவர் கதை மாந்தர் கிணற்றடியில் நீருக்காகக் காத்து நின்றவர்கள். பிறர் கால்களுக்குச் செருப்புத் தைத்தவர்கள். அம்மாந்தரின் பேச்சுமொழி இலக்கியத்தில் புகுந்தபோது, 1960களின் தொடக்கத்தில் மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். வெளிப்பார்வைக்கு அது மொழிநடை பற்றிய விவாதம்; அதன் உள்ளே கிடந்த கேள்வியோ, எவர் பேசலாம் என்பதே.

‘மல்லிகை’ தோன்றிய 1966ஆம் ஆண்டையும் இப்பின்னணியில் காணவேண்டும். தீண்டாமைச் செயல்களைத் தண்டனைக்குரியனவாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. ஆயினும் தேநீர்க் கடைகளின் கதவும் கோயில்களின் கதவும் அடைத்தே கிடந்தன. முதல் ‘மல்லிகை’ மலர்ந்த இரண்டு மாதங்களில், அக்டோபர் 21ஆம் நாள், சுன்னாகத்திலிருந்து தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் நிகழ்ந்தது. கதவுகள் அடைபட்டிருந்த அதே ஊரில் ஒரு சலூன்காரர் எல்லாருக்கும் கதவு திறந்த ஓர் இதழைத் தொடங்கினார். வடபுலத்து எழுத்தாளரோடு மலையகத்தாரும் முஸ்லிம்களும் அதில் எழுதினர். சிங்களச் சிறுகதைகள் தமிழாகி அதில் இடம்பெற்றன. எழுத்தாளர், கலைஞர் ஆகியோரை அவர்கள் வாழும்போதே அட்டைப்படத்தால் சிறப்பிப்பது ‘மல்லிகை’யின் மரபாயிற்று. ‘தூண்டில்’ பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியரே விடையிறுத்தார்.

தமிழில் இலக்கிய இதழ்களின் ஆயுள் குறுகியது. ஈழத்து ‘மறுமலர்ச்சி’ 1946 முதல் 1948 வரை வாழ்ந்தது. ‘சரஸ்வதி’ 1955இல் தொடங்கி 1962இல் நின்றது. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை 119 இதழ்களோடு அமைந்தது. ‘மல்லிகை’யோ 1966 முதல் 2012 வரை நடந்து நானூறு இதழ்களை எட்டியது. திறமையில் முன்னையவை குறைந்தவை அல்ல. அவற்றுக்குக் கிட்டாத ஒன்று ‘மல்லிகை’க்குக் கிட்டியிருந்தது: ஒரு கடைக்காரரின் பழக்கங்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் கதவு திறத்தல், வருவோர் எவராயினும் முகங்கொடுத்தல், சிறு காசையும் மதித்தல், புரவலரை எதிர்பாராது அன்றாட வரவில் நிற்றல் ஆகிய இவற்றை ஜீவா சலூனிலிருந்து இதழுக்குக் கொண்டுவந்தார். அச்சான இதழ்களைத் தாமே சுமந்து, வீதி வீதியாகவும் கூட்டம் கூட்டமாகவும் விற்றார். தாம் ஆக்கிய பொருளைத் தாமே விற்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

இப்பழக்கங்களே ஒரு குறைக்கும் வழிவகுத்தன என்போர் உண்டு. எல்லாருக்கும் திறந்த கதவின் வழியே தரத்தில் தாழ்ந்த படைப்புகளும் நுழைந்தன என்பர். இக்கூற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும் முதற் கதையை எங்கே கொடுப்பதென்று தயங்கி நின்ற இளைஞர்க்குத் தரம் பேசி மூடிய கதவால் பயன் ஏதுமில்லை. பிற்காலத்தில் தேர்ந்த எழுத்தாளராக அறியப்பட்டோர் பலரின் தொடக்கப் படைப்புகள் ‘மல்லிகை’யில் கிடக்கின்றன.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் தாளும் மையும் மின்சாரமும் அரிதாயின. அந்நிலையிலும் ‘மல்லிகை’ யாழ் மண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில், இடப்பெயர்வுகளின் நடுவே, ஜீவா கொழும்புக்குச் சென்றார். சிறிது இடைவெளிக்குப் பின் ‘மல்லிகை’ அங்கிருந்து மீண்டும் மலர்ந்தது. ‘மல்லிகைப் பந்தல்’ வெளியீடாக நூல்களும் வந்தன. எழுபதை நெருங்கிய வயதில் அறிமுகமற்ற வீதிகளில் இதழ்ப் பையோடு அவர் மீண்டும் நடக்கலானார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த கௌரவ முதுமாணிப் பட்டத்தை அவர் ஏற்க மறுத்தார். பள்ளியிலிருந்து இகழ்ந்து அனுப்பப்பட்ட ஒருவர் பட்டத்தை வேண்டாமென்று சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தமையே அச்செய்தியின் சிறப்பு. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்பது. 2021 ஜனவரி 28ஆம் நாள், 93ஆம் வயதில், கொழும்பில் அவர் மறைந்தார்.

ஒரு குடும்பத்து மூத்தவர் மறைந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கணக்கிடுவது உலக வழக்கம். ஜீவா விட்டுச்சென்றவை நானூறு இதழ்களும், தொழிலால் எவரும் தாழ்வதில்லை என்னும் ஓர் உறுதியுமாம். பத்தாண்டு நிறையும் இலக்கிய வட்டம் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய சொத்து இது. கவிதை பாடுவோர் பலர் உளர். பாட்டு அரங்கேறுவதற்கு முன்னே வந்து விளக்கேற்றி, நாற்காலி போட்டு, வருவோரை வரவேற்று, எல்லாரும் போனபின் கதவைச் சாத்துவோர் சிலரே. ஜோசப் சலூனில் அவ்வேலையை ஒருவர் நாள்தோறும் செய்தார். ஈழத்து நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி அந்தத் திறந்த கதவின் வழியே நடந்து வந்தது.